பழைய பெர்குசன்: பாயிண்ட் இடைவெளி நிற்கவே மாட்டேன் என்கிறது

வாடிப்பட்டியான்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோப்பில் தாத்தா காலத்துச் சாம்பல் நிறப் பெர்குசன் ஒன்று இருக்கிறது. தட்டில் டிஇடி 20 என்று அடித்திருக்கிறது. பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிடுகிற வகை. பல வருடம் கொட்டகையில் கிடந்தது. அப்பா ஆசைப்பட்டதால் வெளியே இழுத்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள், திறந்து மூடிப் பொறியை உண்டாக்குகிற பாயிண்ட்டையும் கண்டன்சரையும் புதிதாகப் போட்டு, நான்கு புதுப் பிளக்கும் போட்டாகிவிட்டது. ஸ்டார்ட்டும் ஆகிறது. ஆனால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் சில நேரம் திருப்பி அடிக்கிறது. ஐடிலில் மிஸ்ஸிங். கலப்பையை இறக்கினால் ஹெட்டுக்குள் டக்டக்கென்று தட்டுகிற சத்தம். கொஞ்சம் ஓட்டினாலே பாயிண்ட் இடைவெளி குறைந்துபோகிறது. வந்து பார்க்கிற மெக்கானிக் ஒவ்வொரு முறையும் டிஸ்ட்ரிபியூட்டரை லேசாகத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார். அன்றைக்கு நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதைதான். எங்கே ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.

மேலூர்_சம்சாரி

தம்பி, முதலில் எண்ணெயைப் பாருங்கள். அந்த டிராக்டருக்கென்று அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் விற்ற எண்ணெய் வேறு. வீட்டு மண்ணெண்ணெயைவிட ஆக்டேன் கூடியது. அதை 1974இல் அவர்களே நிறுத்திவிட்டார்கள். இன்று கிடைக்கிற மண்ணெண்ணெயை அப்படியே ஊற்றினால் லோடு ஏறும்போது தட்டத்தான் செய்யும். ரேஷனில் தருகிற நீல நிற எண்ணெயைக் கண்டிப்பாக ஊற்றாதீர்கள், அது அடுப்புக்கும் விளக்குக்கும் கொடுக்கிறது, சட்டப்படியும் தப்பு. முழுக்கப் பெட்ரோலில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போனால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

பழைய_இரும்பு

சம்சாரி அண்ணன் சொல்வது தட்டுகிற சத்தத்துக்குப் பொருந்தும். ஆனால் ஹேண்டில் அடிக்கும்போது பெட்ரோல்தானே ஓடுகிறது? அப்போதே திருப்பி அடிக்கிறது என்றால் காரணம் எண்ணெய் இல்லை. பாயிண்ட் இடைவெளி தானாகக் குறைவதற்கும் எண்ணெய்க்கும் சம்பந்தம் கிடையாது.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றாமலேயே இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். மூடியை எடுத்துவிட்டு, ரோட்டாருக்குக் கீழே இருக்கிற ஷாஃப்ட்டை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஆட்டம் இருக்கிறதா? தள்ளும்போது பாயிண்ட் இடைவெளி கூடிக் குறைகிறதா? அடுத்தது, ரோட்டாரை அது சுற்றுகிற திசையில் விரலால் திருகி விடுங்கள். கொஞ்சம் போய், ஸ்பிரிங் இழுத்துத் தானாகத் திரும்பி வர வேண்டும். கடைசியாக, ஹேண்டிலால் இஞ்சினைச் சுற்றி, பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கிற கேமின் நான்கு முனையிலும் ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கிற தகடு) வைத்து அளந்து எழுதுங்கள். ஒரு முனையில் மட்டும் அளப்பதில் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று, ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காதீர்கள். மற்ற நான்கு விரலும் இருக்கிற பக்கமே கட்டைவிரலும் இருக்கட்டும். கீழிருந்து மேலே இழுங்கள், மேலிருந்து கீழே அழுத்தாதீர்கள். திருப்பி அடித்தால் ஹேண்டில் கையை விட்டுப் போய்விடும், எலும்பு தப்பிக்கும். இப்போதைக்கு ஹேண்டிலில் ஸ்டார்ட் பண்ணுவதையே நிறுத்துங்கள்.

வாடிப்பட்டியான்

பார்த்துவிட்டேன் அண்ணே. ஷாஃப்ட் நன்றாகவே ஆடுகிறது, தள்ளினால் பாயிண்ட் திறப்பது கண்ணுக்கே தெரிகிறது. ரோட்டாரைத் திருகினால் அசையவே இல்லை, இறுகிக் கிடக்கிறது. நான்கு முனையில் அளந்தது: 0.018, 0.011, 0.008, 0.014 இஞ்ச். கேம் மேல் துருப் புள்ளிகளும் தெரிகின்றன. போன வாரம் வைத்த பாயிண்ட்டில், கேமில் உரசுகிற ஃபைபர் குதி அதற்குள் தேய்ந்திருக்கிறது.

பழைய_இரும்பு

அப்படியென்றால் உங்கள் டிராக்டருக்கு டைமிங் (பொறி வரும் நேரம்) கோளாறு இல்லை, டிஸ்ட்ரிபியூட்டருக்கு எலும்பு தேய்மானம். நீங்கள் சொன்ன அத்தனை தொல்லையும் இந்த ஒரு டப்பாவுக்குள் இருந்தே வருகிறது.

பாயிண்ட் எப்போது திறக்கிறதோ அப்போதுதான் பொறி. ஷாஃப்ட் ஆடினால் ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு நேரத்தில் திறக்கும். இடைவெளி அதிகமான முனையில் பொறி முன்கூட்டியே வரும், குறைவான முனையில் தாமதமாக வரும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், இங்கே 2 டிகிரி பிசகினால் கிராங்கில் அது 4 டிகிரி. நான்கு சிலிண்டருக்கும் நான்கு டைமிங் வைத்துக்கொண்டு ஓடுகிறது உங்கள் வண்டி. ஐடிலில் மிஸ்ஸிங் அதனால்தான். இதற்கு எந்த டிகிரியில் வைத்தாலும் சரியாக வராது.

இடைவெளி குறைவது துருப்பிடித்த கேமால். அந்தச் சொரசொரப்பு ஃபைபர் குதியை அரித்துத் தின்கிறது. குதி தேய்ந்தால் இடைவெளி சுருங்கும், பொறி தாமதமாகும், இழுவை குறையும். மெக்கானிக் அதை ஈடுகட்ட டிஸ்ட்ரிபியூட்டர் உடலைத் திருப்பி வைத்திருக்கிறார். அது அன்றைக்கு மட்டும் சரி.

ரோட்டார் திரும்பி வராததுதான் ஹேண்டில் அடிப்பதற்குக் காரணம். பாயிண்ட் தட்டுக்குக் கீழே இரண்டு வெயிட், இரண்டு ஸ்பிரிங் இருக்கும். வேகம் கூடக்கூட வெயிட் வெளியே விரிந்து கேமை முன்னுக்குத் திருப்பும், வேகம் குறைந்தால் ஸ்பிரிங் பின்னுக்கு இழுத்துவிடும். உங்களுடையதில் வெயிட் பாதி விரிந்த நிலையிலேயே துருவில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். கையால் மெதுவாகச் சுற்றும்போதும் பொறி அட்வான்ஸாக, அதாவது முன்கூட்டியே, வருகிறது. பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்கு முன்பே எரிந்து, அதைக் கீழே தள்ளிவிடுகிறது. கலப்பை இறக்கி வேகம் தணியும்போது தட்டுவதும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுங்கள். அதற்கு முன் ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று உடல் விளிம்பில் ஒரு கோடு, உடல் இஞ்சினில் உட்காரும் இடத்தில் ஒரு கோடு. போனில் படம் எடுத்து வைத்தாலும், கோடும் போட்டுவிடுங்கள்.

டைமிங்_லைட்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு? பாயிண்ட்டையே தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் கிட் போட்டுவிடலாமே. கேம் மேல் ஒரு காந்த வளையம், பாயிண்ட் இருந்த இடத்தில் ஒரு சென்சார். தேய்வதற்கு ஒன்றுமே இல்லை. என் பழைய அம்பாசிடரில் போட்டிருக்கிறேன், தொந்தரவு இல்லாமல் ஓடுகிறது.

பழைய_இரும்பு

கிட் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆடுகிற ஷாஃப்ட் மேல் போட்டால் காந்த வளையமும் சேர்ந்துதான் ஆடும். பாயிண்ட் அளவுக்குப் பாதிப்பு தெரியாது, அவ்வளவே. ஒட்டிப்போன வெயிட்டை அது எந்த வகையிலும் சரிசெய்யாது, ஹேண்டில் அடிப்பது அப்படியே இருக்கும். ஷாஃப்ட்டைத் தாங்குகிற புஷ்ஷும் (அது தேய்ந்துதான் ஷாஃப்ட் ஆடுகிறது) வெயிட்டும் எப்படியும் பார்த்தே ஆக வேண்டும். அவற்றைப் பார்த்துவிட்டால் பாயிண்ட்டே ஒழுங்காக வேலை செய்யும்.

இன்னொரு சங்கதி. இந்தப் பெர்குசன் பாசிட்டிவ் எர்த் வண்டி. பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் மாட்டியிருக்கும். கடையில் கிடைக்கிற கிட் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கானது. பார்க்காமல் மாட்டினால் சாவி திருப்பிய உடனே கிட் போய்விடும். வாடிப்பட்டித் தம்பி, உங்கள் பேட்டரி எப்படி மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். யாராவது இடையில் மாற்றியிருந்தால், பொறிக்கு வோல்டேஜை ஏற்றித் தருகிற காயிலில் வயரையும் மாற்றியிருக்க வேண்டும், டைனமோவின் துருவத்தையும் அதற்கேற்ப மாற்றியிருக்க வேண்டும். லூகாஸ் காயிலில் எஸ்டபிள்யூ, சிபி என்று எழுதியிருக்கும். வண்டி ஒரிஜினலாக இருந்தால் சிபி முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும். எர்த்தை மாற்றியவர்கள் இந்த இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும், ஆனால் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் கேட்கும், லோடில் முதலில் அங்கேதான் மிஸ் ஆகும்.

லேத்_மதுரை

புஷ் வேலை என் தொழில், அதனால் சொல்கிறேன். இந்த வேலையில் பட்டறைகள் கெடுத்து அனுப்புவது ஒரே இடத்தில்தான். கையில் கிடைத்த பித்தளைத் துண்டைக் கடைந்து அடித்து, ரீமர் விட்டுக் கொடுத்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் ஷாஃப்ட் கவ்விக்கொள்ளும்.

டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரிஜினலாக வருவது எண்ணெய் உறிஞ்சுகிற வெண்கலப் புஷ். தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது, உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அந்தத் துளைகளில் நிற்கிற எண்ணெய்தான் ஷாஃப்ட்டைக் காப்பாற்றுகிறது. அடிப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க இஞ்சின் ஆயிலில் ஊறப்போட வேண்டும். அதன் உள்வட்டத்தில் சாதாரண ரீமர் விட்டால் உலோகம் வழிந்து துளைகளை மூடிவிடும், அப்புறம் அது வெறும் பித்தளைதான். அதனால் சரியான அளவுப் புஷ் வாங்கி, ஷாஃப்ட் அளவுக்குச் சரியாகக் கடைந்த வழவழப்பான கட்டை ஒன்றை உள்ளே விட்டு, அந்தக் கட்டையோடு சேர்த்து நேராக அழுத்தி இறக்க வேண்டும். இறங்கிய பிறகு உள்வட்டம் அந்த அளவிலேயே நிற்கும்.

ஷாஃப்ட்டையும் மைக்ரோமீட்டரில் பல இடத்தில் அளந்து பாருங்கள். புஷ் உட்காருகிற இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புதுப் புஷ் போட்டும் ஆட்டம் இருக்கும். அப்போது ஷாஃப்ட்டைக் கிரைண்டிங் பண்ணி, அதற்கேற்ற சிறிய புஷ் போட வேண்டும். அடியில் இருக்கிற வாஷரும் தேய்ந்திருக்கும், மேல்கீழ் ஆட்டம் அங்கேதான். கீழே நாக்குப் போல இருக்கிற டாக்கை ஊசியைத் தட்டிக் கழற்றும்போது எந்தப் பக்கம் எது என்று குறி போடுங்கள். நாக்கு நடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளி இருக்கும். மாற்றி மாட்டினால் பொறி நேர் எதிர்ப்பக்கம் போய்விடும்.

திருமங்கலம்_ரோடு

இதே மாதிரிச் சிக்கல் எனக்கும், ஆனால் வேறு வண்டி. ஃபோர்ட்சன் ஸ்டாண்டர்டு என். இதில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, பேட்டரி இல்லாமல் காந்தத்தால் பொறி தருகிற மேக்னெட்டோ. ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது டக் என்று ஒரு சத்தம் வரும் என்று பெரியவர் ஒருவர் சொன்னார். என்னுடையதில் அந்தச் சத்தமே இல்லை, ஹேண்டிலும் திருப்பி அடிக்கிறது. தனியாகக் கேட்க வேண்டுமா, இங்கேயே கேட்கலாமா?

பழைய_இரும்பு

இங்கேயே கேளுங்கள், நோய் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தச் சத்தம் இம்பல்ஸ் கப்ளிங் விடுபடுகிற சத்தம். கையால் சுற்றுகிற வேகத்தில் மேக்னெட்டோவுக்குப் பொறி விடுகிற தெம்பு இருக்காது. அதனால் ஒரு கொக்கி அதன் சுழலியைப் பிடித்து நிறுத்தும். இஞ்சின் சுற்றச் சுற்ற உள்ளே ஸ்பிரிங் முறுக்கேறும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கொக்கி விடுபட்டு, சுழலி ஒரே துள்ளலில் சுற்றும். நல்ல பொறியும் கிடைக்கும், அதுவும் தாமதமாகவே கிடைக்கும், ஹேண்டிலும் அடிக்காது. இஞ்சின் வேகமெடுத்ததும் கொக்கி தானாக வெளியே விரிந்து ஒதுங்கிவிடும்.

சத்தம் இல்லையென்றால் கொக்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது ஸ்பிரிங் முறிந்திருக்கிறது. பழைய கிரீஸ் காய்ந்து பசையாகி இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், கிரீஸ் வைக்காதீர்கள். மாட்டும்போது ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும் நேரமும் டக் சத்தம் வரும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபோர்ட்சனில் பொறி வரிசை 1-2-4-3. பெர்குசனுடைய 1-3-4-2ஐ மனதில் வைத்து வயர் மாட்டிவிடாதீர்கள். டக் சத்தம் வந்தும் பொறி மங்கலாக இருந்தால் காந்தம் சக்தி இழந்திருக்கலாம், அதற்கு மறுபடி காந்தம் ஏற்ற வேண்டும்.

வாடிப்பட்டியான்

டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்துவிட்டோம். அண்ணன் சொன்னது சரிதான். ஒரு வெயிட் அதன் ஊசியோடு துருவில் ஒட்டி, பாதி விரிந்தபடி நிற்கிறது. இன்னொன்று நன்றாக ஆடுகிறது. அடியில் கிரீஸ் கட்டிதட்டிக் கருப்பு அரக்கு மாதிரி இருக்கிறது. டீசலில் ஊறவைத்திருக்கிறேன். பேட்டரி ஒரிஜினல் மாதிரியே பிளஸ் எர்த்தில்தான் இருக்கிறது, காயில் வயரும் சரி.

ஒரு சந்தேகம். இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று கெட்டியாகவும் அதன் வளையம் பெரிதாகவும் இருக்கிறது, மாட்டினால் தொளதொளவென்று நிற்கிறது. மற்றது மெல்லிசு, விறைப்பாக இருக்கிறது. கெட்டி ஸ்பிரிங் இழுபட்டு நீண்டுவிட்டதா? இரண்டையும் ஒரே மாதிரி வாங்கிப் போடவா?

லேத்_மதுரை

போட்டுவிடாதீர்கள்! அது அப்படித்தான் இருக்க வேண்டும். மெல்லிய ஸ்பிரிங் ஆரம்ப வேகத்துக்கு, சீக்கிரம் அட்வான்ஸ் கொடுக்கும். வெயிட் கொஞ்சம் விரிந்த பிறகுதான் கெட்டி ஸ்பிரிங் தொய்வு நீங்கிப் பிடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் அட்வான்ஸ் மெதுவாக ஏறும். இரண்டும் விறைப்பாக இருந்தால் நடு வேகத்தில் இழுவையே இருக்காது. முறிவோ துரு அரிப்போ இல்லாவிட்டால் பழைய ஸ்பிரிங்கையே போடுங்கள். அந்த இஞ்சினுக்கென்று அளந்து செய்தது அது. நெளிந்தால் கூட கையால் நிமிர்த்தாதீர்கள்.

டைமிங்_லைட்

இது எனக்கும் தெரியாத விஷயம். சரி, கிட் பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் புஷ்ஷும் வெயிட்டும் முதலில் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். கேம் துருவுக்கு என்ன செய்வது? உப்புத்தாள் போடலாமா?

பழைய_இரும்பு

உப்புத்தாள் வேண்டாம், கேமின் வடிவம் போய்விடும். மெல்லிய எண்ணெய்க் கல் கொண்டு, முனையின் வளைவை ஒட்டியே லேசாகத் தேயுங்கள். துருப் புள்ளி ஆழமாக இருந்தால் பள்ளம் அப்படியே இருக்கட்டும். மேடு மட்டும் போனால் போதும். பாயிண்ட் முகத்துக்கும் இதே கல்தான். எமரித் தாள் போட்டால் அதன் மணல் முகத்தில் பதிந்து, மறுபடி எரிந்துபோகும். பிறகு பெட்ரோலில் நனைத்த துணியால் துடையுங்கள். புதுப் பாயிண்ட் முகத்தில்கூட பேக்கிங் எண்ணெய்ப் படலம் இருக்கும், அதையும் துடைத்துவிடுங்கள்.

மாட்டும்போது கேமில் ஒரு பொட்டுக் கிரீஸ், ரோட்டாருக்கு அடியில் இருக்கிற இடத்தில் ஒரு சொட்டு ஆயில். அதற்கு மேல் விட்டால் பாயிண்ட் மேல் தெறிக்கும்.

டைமிங் வைப்பதற்கு முன் நான்கு முனையிலும் இடைவெளி பாருங்கள். பழைய லூகாஸ் பாயிண்ட் என்றால் 0.010 முதல் 0.012 இஞ்ச், பிற்கால வகை என்றால் 0.014 முதல் 0.016. உங்களுடையது எது என்று கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இடைவெளி வைத்த பிறகுதான் டைமிங். முதலில் டைமிங் வைத்துவிட்டு அப்புறம் இடைவெளியைத் தொட்டால் வைத்த டைமிங் மாறிவிடும்.

இப்போது டைமிங். நான்கு பிளக்கையும் எடுத்துவிடுங்கள், ஹேண்டில் இலகுவாகச் சுற்றும். ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். அதன் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு ஒருவர் நிற்க, இன்னொருவர் மெதுவாகச் சுற்றட்டும். விரலைக் காற்று தள்ளினால் கம்ப்ரஷன் ஏறுகிறது. டைமிங் குறிக்கு வரும்போது நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் பின்னால் திருப்பி நிறுத்தாதீர்கள். கால் சுற்றாவது பின்னால் போய், மறுபடி முன்னோக்கியே வந்து நிறுத்துங்கள். பல்சக்கரத்தில் இருக்கிற தொய்வு எப்போதும் ஒரே பக்கம் இருக்க வேண்டும்.

குறி அழிந்திருந்தால், பிளக் துளையில் ஒரு மழுங்கிய போல்ட்டை முறுக்கி, பிஸ்டன் அதில் மெதுவாக இடிக்கும்வரை ஒரு திசையில் சுற்றி முன் புல்லியில் கோடு போடுங்கள். எதிர்த்திசையில் சுற்றி இடித்ததும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே உச்சி. வேகமாகச் சுற்றி இடித்தால் பிஸ்டன் போய்விடும், கவனம்.

உச்சியிலிருந்து எத்தனை டிகிரி என்பது கையேட்டில் இருக்கும். டிஇஏ 20 பெட்ரோல் வண்டியின் பக்கத்தைப் பார்த்து வைத்துவிடாதீர்கள், கம்ப்ரஷன் வேறு.

பேட்டரி வோல்ட்டுக்கேற்ற சின்ன பல்பு ஒன்றை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனைக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டி, சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு எரியாது, திறந்த கணத்தில் எரியும். டிஸ்ட்ரிபியூட்டர் உடலை ரோட்டார் சுற்றும் திசையில் கொஞ்சம் திருப்பி, பிறகு எதிர்த்திசையில் மெதுவாகக் கொண்டுவாருங்கள். பல்பு எரிகிற இடத்தில் போல்ட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது நகர்ந்துவிடும், அதனால் மறுபடி ஒருமுறை சுற்றிவந்து சரிபாருங்கள். வேலை முடிந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள், பாயிண்ட் மூடியபடி விட்டால் காயில் சூடேறும்.

வாடிப்பட்டியான்

இன்று ஓடுகிறது! சிம்மக்கல் பக்கம் தேடி அளவுக்குப் புஷ் கிடைத்தது. ஆயிலில் ஊறப்போட்டு, கட்டை வைத்து அழுத்தி இறக்கினோம். ஷாஃப்ட்டில் பள்ளம் இல்லை, தப்பித்தது. நான்கு முனையிலும் இப்போது 0.011, 0.012, 0.012, 0.011. ரோட்டாரைத் திருகி விட்டால் சடக்கென்று திரும்பி வருகிறது.

கியர் குச்சியை ஸ்டார்ட்டருக்கான எஸ் பக்கம் தள்ளியதும் பிடித்துக்கொண்டது. அப்பா ஹேண்டிலில்தான் ஸ்டார்ட் பண்ணுவேன் என்று அடம்பிடித்தார். கட்டைவிரல் விஷயத்தைச் சொல்லித்தான் விட்டேன். அடிக்கவே இல்லை. ஐடில் சீராக நிற்கிறது. பெட்ரோலில் கலப்பை இறக்கி உழுதோம், சத்தம் இல்லை. மண்ணெண்ணெய்க்கு மாற்றியபோது மட்டும் ஏற்றமான இடத்தில் லேசாகத் தட்டுகிறது.

மேலூர்_சம்சாரி

நான் முதலில் சொன்னது இந்த மிச்சத்தைத்தான் தம்பி. மண்ணெண்ணெயில் கொஞ்சம் பெட்ரோல் கலந்து பாருங்கள், அல்லது பெட்ரோலிலேயே ஓட்டிவிடுங்கள். மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதென்றால் ரேடியேட்டர் நன்றாகச் சூடான பிறகுதான். குளிர்ந்த இஞ்சினில் அது ஆவியாகாமல் பிஸ்டன் ஓரமாக வழிந்து, அடியில் ஆயில் நிற்கிற சம்ப்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறுகிறதா, மண்ணெண்ணெய் வாசம் வருகிறதா என்று அடிக்கடி பாருங்கள், ஏறினால் உடனே ஆயில் மாற்றுங்கள். வண்டியை நிறுத்தப் போவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே பெட்ரோலுக்குத் திருப்பிவிடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் நின்றால்தான் அடுத்த நாள் பிடிக்கும்.

நம் மதுரைக்கு மாற்று எண்ணெய் புதிது இல்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது டி.வி. சுந்தரம் அய்யங்கார் கரிவாயுவில் பஸ் ஓட்ட கேஸ் பிளாண்ட் செய்தார். அந்த மாதிரி இஞ்சின்களுக்குப் பொறுமையும் கவனிப்பும் வேண்டும், வேறொன்றும் இல்லை.

வாடிப்பட்டியான்

நன்றி அண்ணே. சம்ப் ஆயிலைப் பார்த்தேன், மட்டம் ஏறித்தான் இருக்கிறது. நாளைக்கே மாற்றிவிடுகிறேன். ஒரு கேள்வி மிச்சம். ரோட்டாரும் மூடியும் பழசு. மூடிக்குள் இரண்டு முனைக்கு நடுவில் பென்சில் கோடு மாதிரி கருப்பாக ஒன்று தெரிகிறது. துடைத்தால் போகவில்லை.

லேத்_மதுரை

அது பொறி ஓடிய தடம். ஈரம் பட்ட நாளில் பொறி அந்தக் கோடு வழியாகவே பக்கத்துச் சிலிண்டருக்குப் போகும். சுரண்டி எடுத்தாலும் திரும்ப வரும், மூடியை மாற்றத்தான் வேண்டும். இருட்டிய பிறகு இஞ்சினை ஓடவிட்டு வயரையும் மூடியையும் பாருங்கள், நீலமாக எங்கே மினுங்குகிறதோ அங்கே கசிவு. மாதிரிக்குப் பழைய மூடி, ரோட்டார், கண்டன்சர் மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அம்பாசிடர் பெட்ரோல் வண்டியின் லூகாஸ் சாமான் வைத்திருக்கிற பழைய கடைகளில் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கண்டன்சர் பெரும்பாலும் ஒத்துவரும், 0.2 மைக்ரோஃபாரட் சுமாருக்கு இருந்தால் போதும். மூடியும் ரோட்டாரும் உயரம் ஒத்துப்போனால் மட்டும் வாங்குங்கள். ரோட்டார் நுனி மூடியின் முனையில் இடிக்கக் கூடாது, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைப் போட வேண்டும்.